படுத்தால் கூடும் தலைவலி

ரத்தப் புற்றுநோய் என்றதும் நம் மனதில் முதலில் வருவது ரத்தக்கசிவுதான். பல் துலக்கினால் ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், கை கால்களில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். தட்டணுக்கள் இறங்கிவிடுவதால் இப்படி ஆகும் என்று மருத்துவமனையிலும் முதல் நாளே எச்சரிக்கிறார்கள். கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெத்தென்ற பிரஷ் வாங்கிக் கொடுங்கள் என்பார்கள். அதே நோயாளிக்கு ரத்தம் வேண்டாத இடத்தில் உறைந்தும் போகும், அதுவும் மூளையின் சிரைகளுக்குள் உறையக்கூடும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். வீட்டில் யாருக்காவது லுகேமியா, லிம்ஃபோமா, மைலோமா, அல்லது ரத்தம் கெட்டியாகிற வகை நோய் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்கா மகனுக்கு 16 வயதில் ஏ.எல்.எல். என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற லுகேமியா அது. குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்தான் அதிகம், அதிலும் இந்த வகைதான் அதிகம். குணமாகிறவர்களும் அதிகம். முதல் கட்ட சிகிச்சையை இண்டக்‌ஷன் என்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை, வாராவாரம் கீமோ, இடையில் அஸ்பாராஜினேஸ் என்ற ஊசி, முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்து அதே வழியாக மருந்து செலுத்துவது என்று ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துவிடும். இந்த முதுகு ஊசிக்கு வார்டில் எல்பி என்று பேர். அக்காவுக்குத் தூக்கமில்லாமல் உடம்பு முடியாமல் போனதால் ராத்திரி முறை எனக்கு. நான் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள், மருத்துவர் இல்லை. கோடை விடுமுறை என்பதால் கூட இருக்க முடிந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு எல்பி முடிந்த மறுநாள் பையன் தலையைப் பிடித்துக்கொண்டான். ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டர் வந்து பார்த்தார். "எல்பி எடுத்தா தலைவலி வரத்தான்மா செய்யும். தலையணை இல்லாம நேரா படுக்க வைங்க, காபி குடுங்க" என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். அது சரியான பதில்தான். முதுகில் குத்திய துளை வழியாகக் கொஞ்சம் நீர் கசிந்து தலைக்குள் அழுத்தம் குறையும், அதனால் வலிக்கும், படுத்தால் அடங்கும். பக்கத்துக் கட்டில் பையனுக்கும் போன வாரம் அப்படித்தான் வந்து போயிற்று.

ஆனால் இவன் படுக்க மாட்டேன் என்றான். "சித்தி, படுத்தா மண்டைக்குள்ள ஏதோ ஏறுற மாதிரி இருக்கு. உக்காந்தே இருக்கேன்." கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, இரண்டு தலையணையைச் செருகி, முட்டியைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தான். இருமினால் முகம் சுருங்கியது. காலையில் எழுந்ததும் வாந்தி. கீமோ வாந்தி என்றால் குமட்டல் முன்னாலேயே வரும், இவனுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பீய்ச்சிக்கொண்டு வந்தது.

ரவுண்ட்ஸ் வந்த குழுவில் மேற்படிப்புப் படிக்கிற ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். ஃபைலைப் புரட்டாமல் அவனிடமே கேட்டார்: "தம்பி, படுத்தா கூடுதா, உக்காந்தா கூடுதா?" படுத்தால்தான் என்றான். "ரெண்டு ரெண்டா தெரியுதா?" தூரத்தில் இருக்கிற கடிகாரம் இரண்டாகத் தெரிகிறது என்றான். அதை எங்களிடம்கூட அவன் சொல்லியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பெரிய டாக்டரைப் பார்த்த பார்வையிலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சிடி ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த டாக்டர் மட்டும் விடவில்லை. சாதாரண சிடியில் இது தெரியாமல் போகலாம், சிரைகளைத் தனியாகப் பார்க்கிற எம்ஆர் வீனோகிராம் எடுத்தே ஆகவேண்டும் என்று ரேடியாலஜியில் நின்று நேரம் வாங்கினார். ஸ்கேன் அறைக்கு வெளியே டிராலியில் காத்திருந்தபோது பையனின் வலது கைவிரல்கள் தானாகத் துடிக்க ஆரம்பித்தன. பிறகு உதட்டோரம். பிறகு உடம்பு முழுக்க.

வலிப்பை நிறுத்தி ஸ்கேன் எடுத்ததும் விஷயம் தெரிந்தது. மண்டையின் நடு உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் பெரிய சிரைக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதன் கிளையாகப் பக்கவாட்டில் இறங்குகிற குழாயிலும் பாதி தூரம் உறைவு. இடது பக்கம் மூளையில் சின்னதாக ரத்தக்கசிவும் இருந்தது.

இங்கே கொஞ்சம் உடற்கூறு சொல்லியாக வேண்டும். பக்கவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி அடைத்துக்கொள்வதால் வருவது. அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு, சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு, நிமிடக் கணக்கில் வரும். இது வேறு. மூளையைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற ரத்தம் உறைகளுக்கு நடுவே இருக்கிற பெரிய சிரைக்குழாய்களில் சேர்ந்து கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு இறங்குகிறது. அந்த இறங்கும் வழி அடைத்துக்கொள்கிறது. மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும், பாரம் ஏறும், கடைசியில் கீழே இருக்கிற கூரையில் கசியும். தலைக்குள் நடப்பதும் அதுதான். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுவதால் தலைவலி நாட்கணக்கில் கூடிக்கொண்டே போகிறது. படுத்தால், குனிந்தால், முக்கினால், இருமினால் அழுத்தம் இன்னும் ஏறும். கண் நரம்பின் முனை வீங்குவதால் பார்வை மங்கும், கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பு அழுந்துவதால் இரண்டிரண்டாகத் தெரியும். தேங்கிய ரத்தம் போக வழியில்லாமல் மூளைத் திசுவுக்குள்ளேயே கசிகிறது.

2004-இல் 21 நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அவர்களில் 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்குத் தலைவலி இருந்தது. 10-இல் 4 பேருக்கு வலிப்பு வந்தது. 100-இல் 79 பேர் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தேறினார்கள். மூளைக்குள் ரத்தம் உறைகிறது என்று கேட்டவுடன் நாம் நினைப்பதைவிட எவ்வளவோ நல்ல எண்ணிக்கை அது. ஆனால் புற்றுநோயும் கூட இருந்தவர்கள் மற்றவர்கள் அளவுக்குத் தேறவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

எங்களுக்கு அடுத்த குழப்பம் சிகிச்சையில் வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் ஊசியை உடனே போடவேண்டும் என்றார்கள். அத்தான் லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவர், எதையும் கேட்டுத் தெளிந்தால்தான் கையெழுத்துப் போடுவார். "மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குங்கறீங்க. அதுக்கு ரத்தத்தை நீர்க்க வைக்கிற ஊசி போடணும்ங்கறீங்க. பிளேட்லெட் வேற 38,000-தான் இருக்கு. எப்படி மேடம் போடுவீங்க?" என்றார். நியாயமான கேள்வி. எந்தத் தகப்பனும் கேட்பான்.

அதற்கான பதில் மேலே சொன்ன மொட்டைமாடியில்தான் இருக்கிறது. கூரைக் கசிவை நிறுத்த ஓட்டையில் சிமென்ட் பூசிப் பயனில்லை, அடைப்பு எடுபட வேண்டும். ஊசி உறைவைக் கரைத்துவிடாது. மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கும், உடம்பு தானாக அதைக் கரைத்து வழி உண்டாக்கிக்கொள்ள அவகாசம் கொடுக்கும். ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இதில் பெரிய தயக்கம் இருந்தது. அதை மாற்றியது 1991-இல் லான்செட் இதழில் வெளியான ஜெர்மானிய ஆய்வு. ஐன்ஹாய்ப்ல் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 10 பேருக்கு ஹெப்பாரினும் 10 பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் 8 பேர் முழுமையாகத் தேறினார்கள், ஒருவரும் சாகவில்லை. மற்ற 10 பேரில் ஒருவர்தான் முழுமையாகத் தேறினார், 3 பேர் இறந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மூளையில் ஏற்கனவே கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் கொடுக்கலாம் என்பதுதான் இன்று வரை நடைமுறை. 20 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

தட்டணு விஷயத்தில் அத்தானின் பயம் சரிதான். அதனால் முதலில் பிளேட்லெட் ஏற்றினார்கள். 50,000-க்கு மேல் நிறுத்திவைத்துக்கொண்டு முழு அளவு ஊசி, அதற்குக் கீழே இறங்கினால் ஏற்றுவது அல்லது ஊசியின் அளவைக் குறைப்பது, 25,000-க்கும் கீழே போனால் ஊசியை நிறுத்திவைப்பது என்று தினமும் கவுண்ட் பார்த்துப் பார்த்து முடிவெடுத்தார்கள். சாதாரண ஆளுக்கு இந்த அடைப்பு வந்தால் இந்தத் தட்டணுச் சிக்கல் கிடையாது. லுகேமியாக்காரர்களுக்குத்தான் ஒரே உடம்பில் ஒரு பக்கம் உறைவு, ஒரு பக்கம் கசிவு, இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஊருக்குள் ஃபோன் போட்டு, தட்டணு கொடுக்க ஆள் பிடித்தோம். அத்தானின் ஆபீஸ் டிரைவர்கள் லாரியை ஓரங்கட்டிவிட்டு ரத்த வங்கி வாசலில் வந்து நின்றார்கள்.

ஏன் இவனுக்கு வந்தது என்பது என் அடுத்த கேள்வி. விலங்கியல் படித்தவள் என்பதால் தேடித் தேடிப் படித்தேன்.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில் மூளைச் சிரை அடைத்த 594 பேரையும் ஒப்பீட்டுக்கு 6,278 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். புற்றுநோய் இருந்தால் இந்த அடைப்புக்கான வாய்ப்பு சுமார் 5 மடங்கு. ரத்தப் புற்றுநோய் என்றால் சுமார் 25 மடங்கு. நோய் கண்டுபிடித்த முதல் ஓராண்டில்தான் ஆபத்து உச்சம். பயந்துவிட வேண்டாம். பொதுமக்களில் இது ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், இருவருக்கு வருகிற அரிய விஷயம். 25 மடங்கு என்றாலும் பெரும்பாலான லுகேமியா நோயாளிகளுக்கு இது வரவே வராது. ஆனால் வார்டில் இருப்பவர்கள் மனதில் இப்படி ஒன்று இருக்கவேண்டிய அளவுக்கு அது வருகிறது.

ஏ.எல்.எல். நோயாளிகளிடம் முக்கியக் காரணம் அந்த அஸ்பாராஜினேஸ் ஊசி. அதன் கதையைக் கேளுங்கள். 1953-இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற மருத்துவ விஞ்ஞானி சோதனை விலங்குகளின் லிம்ஃபோமா கட்டிகள் கினிப்பன்றியின் ரத்த நீரைச் செலுத்தினால் சுருங்குவதைக் கவனித்தார். அந்த ரத்த நீரில் இருந்த அஸ்பாராஜினேஸ் என்ற நொதிதான் காரணம் என்று 1960-களின் தொடக்கத்தில் ஜான் புரூம் கண்டுபிடித்தார். லுகேமியா செல்களுக்கு அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்ளத் தெரியாது, ரத்தத்தில் இருப்பதை எடுத்துத்தான் வாழவேண்டும். இந்த நொதி அதை ரத்தத்திலிருந்து காலி செய்துவிடுகிறது. நல்ல செல்கள் பிழைத்துக்கொள்ள, லுகேமியா செல்கள் பட்டினியில் சாகின்றன. பிறகு ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து இதைத் தயாரித்து மருந்தாக்கினார்கள். இந்தியாவில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் மும்பை டாடா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் 1980-களில் எம்சிபி 841 என்ற பொதுவான சிகிச்சை முறைக்கு மாறியபோது அதிலும் இந்த ஊசி இடம்பெற்றிருந்தது. நம் ஊர்க் குழந்தைகள் எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமே வராது.

அதன் இன்னொரு பக்கம் கல்லீரலில் தெரிகிறது. அஸ்பாராஜின் இல்லாமல் கல்லீரலாலும் சில புரதங்களைச் சரியாகத் தயாரிக்க முடிவதில்லை. ரத்தத்தை உறையவைக்கிற ஃபைப்ரினோஜென் குறைகிறது. கூடவே, உறைதலுக்குக் கடிவாளம் போடுகிற ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகியவையும் குறைகின்றன. கடிவாளம் அறுந்த நேரத்தில் ஸ்டீராய்டு சேருகிறது, லுகேமியா செல்களே உறைதலைத் தூண்டுகிற பொருட்களை வெளிவிடுகின்றன, மருந்து ஏற்றப் பெரிய சிரையில் ஒரு லைன் போட்டிருக்கிறார்கள், பையன் வாந்தியும் வாய்ப்புண்ணுமாகத் தண்ணீரே குடிக்காமல் கிடக்கிறான். இத்தனையும் கூடித்தான் அந்த மூன்றாவது வாரம்.

இதில் இன்னொரு சிக்கல். ஹெப்பாரின் தனியாக வேலை செய்வதில்லை, உடம்பில் இருக்கிற ஆன்டித்ராம்பினைத் தூண்டிவிட்டுத்தான் வேலை செய்கிறது. ஆன்டித்ராம்பினே குறைந்துபோன உடம்பில் ஊசி போட்டும் பலன் போதாமல் போகலாம். அதனால் ஊசி வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் ஆன்டி-டென்-ஏ அளவு பார்த்தார்கள். போதவில்லை என்று தெரிந்து அளவை மாற்றினார்கள். இந்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நோயாளியை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கிறவர்கள் இதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் முன்கூட்டியே எல்லாருக்கும் ஊசி போட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. ஜெர்மனியில் ஏ.எல்.எல். குழந்தைகள் 949 பேரை வைத்து அப்படிச் செய்து பார்த்து 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பழைய ஹெப்பாரின் சிறிய அளவில் கொடுத்தவர்களில் 100-க்கு 8 பேருக்கு உறைவு வந்தது. ஹெப்பாரினின் புதிய வகையான எனாக்ஸபாரின் ஊசி போட்டவர்களில் 100-க்கு 3.5, ஆன்டித்ராம்பின் ஏற்றியவர்களில் 100-க்கு 1.9. குறைகிறது என்பது தெளிவு. ஆனால் தினமும் குழந்தைக்கு ஊசி, தட்டணு இறங்கும்போது கசிவு பயம், ஆன்டித்ராம்பினின் விலை என்று நடைமுறையில் தடைகள் உண்டு. வயது கூடியவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், ஏற்கனவே உறைவு வந்தவர்கள், குடும்பத்தில் உறைவு நோய் உள்ளவர்கள் என்று பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளைவிட ஆபத்து கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர் பற்றிச் சொன்னேன் இல்லையா. நம் ஊரில் ஒரு காலத்தில் மூளைச் சிரை அடைப்பைப் பிரசவித்த பெண்களிடம்தான் டாக்டர்கள் அதிகம் பார்த்துப் பழகியிருந்தார்கள். மதுரையில் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளை ரத்தக்குழாய் அடைத்த 135 பெண்களைப் பற்றி 1983-இல் ஆங்கியாலஜி இதழில் எழுதியது உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு ஊதும், சளி பிடிக்கும் என்று நாக்கு வறளப் போட்டுவைக்கிற வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். பிரசவித்தவளுக்குச் செய்யக்கூடாத அதே காரியத்தைக் கீமோ எடுக்கிறவருக்கும் செய்யக்கூடாது. வாய்ப்புண்ணில் எரிகிறது என்று குடிக்க மறுத்தால் உடனே சிஸ்டரிடம் சொல்லி டிரிப்ஸ் கேளுங்கள். ஓ.ஆர்.எஸ்., காய்ச்சி ஆறிய தண்ணீர், கஞ்சித்தண்ணீர், எது இறங்குகிறதோ அதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

இனி இந்த அடைப்பைக் கொண்டுவருகிற இன்னொரு வகை ரத்த நோய். இது லுகேமியாவைப் போல ஆளை ஒரே வாரத்தில் படுக்கப்போடாது. ரத்த வங்கியில் காத்திருந்தபோது பழக்கமான ஒரு அம்மா, 45 வயது இருக்கும். எல்லாரும் ரத்தம் ஏற்ற ஆள் தேடி அலைகிற இடத்தில் அவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை இரண்டும் செம்பருத்தி நிறத்தில் இருந்தன. "எல்லாரும் நல்ல ரத்த ஓட்டம்னு சொல்லுவாங்க கண்ணு. குளிச்சிட்டு வந்தா மட்டும் உடம்பு பூரா அரிப்பு பிடுங்கும். சோப்பை மாத்தி மாத்திப் பார்த்தேன்." பல மாதத் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் பார்வை மங்கவே கண் டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் கண்ணுக்குள் பார்த்து நரம்பு வீங்கியிருக்கிறது என்று உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூளைச் சிரையில் அடைப்பு. ஹீமோகுளோபின் 18-க்கு மேல். ஜேஏகே2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று பரிசோதனையில் வந்தது. பாலிசைத்தீமியா வேரா.

எலும்பு மஜ்ஜை அளவுக்கு மேல் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிற இதுவும் ரத்தப் புற்றுநோய்க் குடும்பம்தான், மெதுவாக நகர்கிற வகை. 1892-இல் பாரிஸில் வாக்கே என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். ஜேஏகே2 மாற்றத்தை 2005-இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. பாலிசைத்தீமியா உள்ள 100 பேரில் சுமார் 95 பேருக்கு அந்த மாற்றம் இருக்கிறது. தட்டணு அளவுக்கு மீறிப் பெருகுகிற எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா நோயில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. மூளைச் சிரை அடைத்து வருகிறவர்களில் சிலருக்கு ரத்தக் கவுண்ட் சரியாக இருக்கும்போதே இந்த மாற்றம் தென்படும், நோய் பிறகுதான் வெளிப்படும். எந்தக் காரணமும் தெரியாமல் மூளைச் சிரையிலோ கல்லீரல் சிரையிலோ உறைவு வந்தால் ஜேஏகே2 பரிசோதனை செய்தார்களா என்று கேட்க வேண்டியது அதனால்தான்.

இந்த நோயில் ஒரு நல்ல செய்தி, செய்யவேண்டியது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்கிற ஹீமட்டோக்ரிட் 45-க்குக் கீழே இருக்கவேண்டும். இத்தாலியில் நடந்த சைட்டோ-பிவி ஆய்வு 2013-இல் வந்தது. 45-க்குக் கீழே வைத்தவர்களில் 100-க்கு 2.7 பேருக்கு உறைவோ இதயக் காரணத்தால் மரணமோ நேர்ந்தது. 45-இலிருந்து 50 வரை விட்டவர்களில் 9.8. சிகிச்சை இதுதான்: ரத்தம் எடுப்பது, குறைந்த அளவு ஆஸ்பிரின், தேவைப்பட்டால் ஹைட்ராக்ஸியூரியா மருந்து. அந்த அம்மா சோர்வாக இருக்கிறது என்று மருந்துக்கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாராம். ரத்தம் எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. குறைத்த சிவப்பணுவைத் திரும்ப ஏற்றிவிடும்.

இன்னொன்றைப் பெண்களுக்காகச் சொல்லவேண்டும். திருவிழா, கல்யாணம், சபரிமலைக்குப் போகும் வீட்டில் விளக்குப் பூஜை என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஹார்மோன் மாத்திரைகள், குறிப்பாக ஈஸ்ட்ரோஜன் கலந்தவை, மூளைச் சிரை அடைப்புக்கு நன்கு அறியப்பட்ட காரணம். இந்த அடைப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருவதற்குப் பிரசவமும் இந்த மாத்திரைகளுமே முக்கியக் காரணங்கள். லுகேமியா சிகிச்சையில் இருக்கிற பெண்பிள்ளைகளுக்குத் தட்டணு குறைந்த நேரத்தில் மாதவிலக்கு வந்தால் ரத்தப்போக்கு நிற்காது என்பதால் டாக்டர்களே அதை நிறுத்திவைக்க மருந்து தருவார்கள். எந்த மருந்து என்று அவர்கள் யோசித்துத் தருவார்கள். நாமாக எதுவும் வாங்கிக் கொடுத்துவிடக்கூடாது. சாமிக்காக என்றாலும் கூடாது. எந்தச் சாமியும் இதைக் கேட்கவில்லை.

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம். மூளைச் சிரை அடைப்பை மருத்துவ உலகில் முதன்முதலாக விவரித்தவர் ரீப் என்ற பிரெஞ்சு மருத்துவர், 1825-இல். தலைவலி, வலிப்பு, பிதற்றல் என்று ஆறு மாதம் துன்பப்பட்டு இறந்துபோன 45 வயது ஆண். பிரேதப் பரிசோதனையில் உச்சிச் சிரைக்குழாய் அடைத்திருந்தது. உடம்பெங்கும் புற்றுநோயும் பரவியிருந்தது. ஆக முதல் நோயாளியே புற்றுநோயாளி. 1865-இல் பாரிஸில் த்ரூஸ்ஸோ புற்றுநோயும் ரத்த உறைவும் கைகோத்து வருவதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார். 1867-இல் தன் சொந்தக் கையில் சிரை அடைத்து வீங்கியபோது அதை வைத்தே தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டு, அதே ஆண்டு இறந்துபோனார். இரண்டு நூற்றாண்டாகத் தெரிந்த சேதி, நோயாளிகளின் வீடுகளுக்கு மட்டும் இன்னும் வந்துசேரவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

அக்கா மகன் தேறிவிட்டான். கொஞ்ச நாள் வலது கையில் பிடி தளர்ந்திருந்தது, பேனாவைப் பிடித்தால் நழுவும். அதுவும் சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு காலை மாலை இரண்டு வேளையும் அக்காவே தொப்புளைச் சுற்றி எனாக்ஸபாரின் ஊசி போட்டாள். வயிறெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருக்கும், நேற்றுப் போட்ட இடத்தை விட்டு இன்று இரண்டு விரல் தள்ளிப் போடுவாள். இருமினால் வலிக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். வலிப்பு மாத்திரை தனி. உறைவு அடங்கிய பிறகு அஸ்பாராஜினேஸ் ஊசியை ஹெப்பாரின் பாதுகாப்போடு திரும்பவும் ஆரம்பித்தார்கள். எங்களுக்குக் குலை நடுங்கியது. ஆனால் அந்த ஊசியைப் பாதியில் விட்டால் லுகேமியா திரும்பி வருகிற ஆபத்து கூடும் என்று டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னபடியே கேட்டோம்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு விஷயம். நோயாளியின் ஃபைல் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: என்ன நோய், கடைசியாக அஸ்பாராஜினேஸ் போட்ட தேதி, கடைசி எல்பி தேதி, கடைசித் தட்டணு எண்ணிக்கை. ராத்திரி இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கிற, உங்கள் பிள்ளையை முன்பின் பார்த்திராத டாக்டருக்கு அது ஒன்றே போதும். இரண்டாவது, புதிதாகத் தலைவலி வந்து ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், படுத்தால் கூடினால், வாந்தியோ பார்வைக் கோளாறோ கைகால் துடிப்போ சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிடி நார்மல் என்று சொன்னாலும் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், சிரைகளைப் பார்க்கிற வீனோகிராம் எடுக்க வேண்டுமா என்று மரியாதையாக, தயங்காமல் கேளுங்கள்.